தத்துவ ஐயாவுக்கு மஞ்சள் தண்ணீர்

சீதாலட்சுமிக்குக் கேள்வி கேட்பதுதான் வேலை. சுங்கை பட்டாணியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், சின்ன இருட்டறைக்குள் ஆளை உட்காரவைத்து, கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா? முதல்ல போட்டதா, இப்பப் போட்டதா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். தமிழில் கேட்பாள், மலாயில் கேட்பாள், சீனத்தில் தட்டுத்தடுமாறிக் கேட்பாள். உட்கார்ந்தவர் மரியாதைக்காகத் தலையாட்டினால் விடமாட்டாள். "எனக்காகச் சொல்லாதீங்க. நல்லா இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. தப்பான கண்ணாடிய மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகப்போறது நீங்கதானே?" என்பாள்.

இப்படி ஊரையே 'இல்லை' சொல்லப் பழக்கிய சீதாலட்சுமிக்கு ஒரே ஒருவரிடம் மட்டும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. அதனால் அவள் ஆசை ஆசையாய்த் தொடங்கிய வலையொலி நிகழ்ச்சி மூடுவிழாவுக்குத் தயாராகி நின்றது.

அவள் பிறந்தது சுங்கை லாலாங் தோட்டத்தில். பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. பள்ளி முடித்ததும் கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். தொழில் கற்றாள், தேர்வு எழுதினாள், குளிரூட்டி பொருத்தும் திவாகரைக் கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு பெண்களைப் பெற்றாள். பெண்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, பகுதிநேரமாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். விற்பனை மேலாண்மை எடுக்கத்தான் போனாள். அதில் இடம் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஒரே பாடம் பண்டைக் கிரேக்கத் தத்துவம். "ஒரு பருவம்தானே, ஓட்டிடலாம்லா" என்று கையெழுத்துப் போட்டவள், அதன்பின் அதிலிருந்து வெளியே வரவே இல்லை.

அவளை இழுத்தது அந்த மனிதர்கள் ஒருவரையொருவர் மறுத்த அழகு. உலகம் தண்ணீரிலிருந்து வந்தது என்கிறார் ஒருவர். அவரிடமே கற்றவர் "இல்லை, எல்லையில்லாத ஏதோ ஒன்றிலிருந்து" என்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவர் "அதுவும் இல்லை, காற்று" என்கிறார். ஆசிரியர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. மாணவனை யாரும் கோயில் செயற்குழுவிலிருந்து நீக்கவில்லை. சீதாலட்சுமி இதைச் சமைக்கும்போது சொன்னாள், துணி மடிக்கும்போது சொன்னாள், காடி ஓட்டிக்கொண்டு போகும்போது சொன்னாள். கடைசியில் திவாகர்தான், "என்கிட்டச் சொல்றத ஊருக்கே சொல்லேன். எனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும்," என்று ஒலிவாங்கி வாங்கிக்கொடுத்தான்.

'பாசார் பேச்சு' என்று பெயர் வைத்தார்கள். சாக்ரடீஸ் பேசியதெல்லாம் சந்தையில்தானே! வெள்ளிக்கிழமை காலையில் கடை திறப்பதில்லை. கடை முதலாளி தவுக்கே மனமுவந்து சாவியைக் கொடுத்தார். கண் பரிசோதிக்கும் அறைக்குக் கம்பளமும் தடித்த திரையும் உண்டு; வெளிச்சத்தம் எட்டாது. குளிரூட்டியின் முனகல் மட்டும் கேட்கும். அதைத் திவாகர் ஒரு மணி நேரத்தில் அடக்கிவிட்டான்.

உடன் பேசுவதற்கு வந்தவர் முனைவர் தர்மலிங்கம். பினாங்கில் பல ஆண்டுகள் தத்துவம் நடத்தி ஓய்வுபெற்று, மனைவியோடு பீடோங்கில் குடியிருப்பவர். கிரேக்க மொழியை நேராகவே படிப்பார். எலும்பும் தோலுமான உடம்பு, தும்பைப்பூத் தலை, வெயிலானாலும் மழையானாலும் கையில் ஒரு கறுப்புக் குடை. இவ்வளவு பெரிய ஆள் தன் வலையொலிக்கு வருகிறாரே என்று சீதாலட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. அதனால் முதல் பதிவில், நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள்.

வரவேற்புரை வாசித்தாள். ஐயாவின் கல்வித் தகுதிகளைப் பட்டியலிட்டாள். பிறகு ஒலிவாங்கியை நெருங்கி, "இப்பொழுது ஐயா அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திச் சிறப்புச் செய்யப்படுகிறது," என்று அறிவித்தாள். திவாகர் பொன்னாடை போர்த்தினான். இருந்த இரண்டு பேரும் கை தட்டினார்கள். பழத்தட்டு கொடுத்தார்கள். ஐயா ஏற்புரை ஆற்றினார். சாக்ரடீஸ் உள்ளே வந்தபோது நிகழ்ச்சி முடியும் நேரமாகிவிட்டது. கூலிமிலிருந்து ஒரு நேயர், 'எல்லாம் சிறப்பு. பொன்னாடை என்ன நிறம்?' என்று எழுதிக் கேட்டிருந்தார்.

அடுத்தடுத்த வாரங்களில் பொன்னாடை போய்விட்டது. ஆனால் அதைப் போர்த்தச் சொன்ன மனசு போகவில்லை. ஐயா ஒரு கருத்தை வைப்பார். சீதாலட்சுமி "ஆமா ஐயா" என்பாள். அதற்கு நேர்மாறான கருத்தையும் அவரே வைத்துப் பார்ப்பார். அதற்கும் "ஆமா ஐயா" என்பாள். ஒரு நாள் திவாகர் அவளுடைய 'ஆமா ஐயா'க்களை மட்டும் வெட்டி ஒட்டிப் போட்டுக் காட்டினான்.

"கோயில் மணி மாதிரி இருக்குலா. விட்டா தீபாராதனையே காட்டிடலாம்," என்றான்.

சீதாலட்சுமி சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. சாக்ரடீஸின் சிறைவாசத்தைப் பற்றிப் பேசிய வாரத்தில் தைத்த முள் அது.

சாக்ரடீஸுக்கு மரண தண்டனை. விடியற்காலையில் பழைய நண்பர் சிறைக்கு வந்து, "எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது, தப்பித்து வா," என்று கூப்பிடுகிறார். சாக்ரடீஸ் மறுக்கிறார். ஐயா அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விளக்கினார்: "இந்த நகரத்தின் சட்டங்கள் என்னைத் தாய் தகப்பன் போல வளர்த்தன. பிடிக்காவிட்டால் எப்போதோ மூட்டை கட்டியிருக்கலாம். நான் போகவில்லை, இங்கேயே இருந்தேன். இருந்ததுதான் என் சம்மதம். இப்போது எனக்குப் பாதகமாக வந்ததும் ஓடுவது நியாயமா? இதுதாம்மா அவருடைய வாதம்."

அப்போதுதான் சீதாலட்சுமிக்கு அவளுடைய அப்பா ஞாபகம் வந்தார். அப்பாவும்தான் தோட்டத்திலேயே இருந்தார். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் மறுநாளே வீட்டையும் விட வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? அவர் இருந்தார். அந்த இருப்புக்குப் பெயர் சம்மதமா? நிர்வாகம் செய்ததற்கெல்லாம் அப்பா ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமா? கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது.

ஐயா கண்ணைத் திறந்து, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

"ஆமா ஐயா. ரொம்ப நல்ல கருத்து ஐயா."

சில வாரங்கள் கழித்து, பதிவு முடிந்து குடையை எடுக்கும்போது ஐயா மெல்லச் சொன்னார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாசக் கடைசியோட நிறுத்திக்கலாம்னு பாக்கறேன்."

"ஏன் ஐயா? உடம்புக்கு ஏதும்...?"

"உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. வகுப்புல நான் பேசினேன், பிள்ளைங்க எழுதிக்கிட்டாங்க. ரிட்டயர் ஆனப்புறமாவது யாராவது எங்கூடச் சண்டை போடுவாங்கன்னு ஆசைப்பட்டேன். சாக்ரடீஸுக்கு எதிர்ல ஒரு ஆள் இருந்தான். எனக்கு எதிர்ல பொன்னாடைதான் இருக்கு."

"நான் சண்டை போடறேன் ஐயா."

"போடுங்களேன்."

"சரிங்க ஐயா."

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. அதுதான் சீதாலட்சுமியை வதைத்தது. பிள்ளைகள், வீடு, வேலை எல்லாம் அவள் வாழ்க்கையில் வந்து சேர்ந்தவை. இது ஒன்றுதான் அவளே கூப்பிட்டு வரவழைத்தது. இதைத் தன் வாயாலேயே, அதாவது வாயைத் திறக்காமலேயே, கெடுத்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி எடுத்தாள். சமிக்ஞை விளக்கில் காடி நின்றபோது கண்ணாடியைப் பார்த்து "இல்லை ஐயா!" என்று உரக்கச் சொன்னாள். பக்கத்தில் மோட்டார்சைக்கிளில் நின்ற மலாய்க்கார மக்சிக் ஒருத்தி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை வந்து, அந்த வெள்ளைத் தலை எதிரில் உட்கார்ந்ததும், கதை பழைய கதைதான்.

"நீங்க சொல்றது சரிதான் ஐயா, ஆனா..."

"ஆனா?" ஐயா ஆவலோடு முன்னால் சாய்ந்தார்.

"ஆனா... ரொம்ப ஆழமா இருக்குங்க ஐயா."

திவாகர் காதொலிப்பானைக் கழற்றிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"நான் என்ன செய்யட்டும்?" என்று வீட்டில் அவனிடம் புலம்பினாள். "பெரியவங்க பேசினா குறுக்க பேசாதன்னு சொல்லிச் சொல்லியே வளத்தாங்க. அப்பாகிட்டப் பேசினதில்ல, வாத்தியார்கிட்டப் பேசினதில்ல."

"என்கிட்ட மட்டும் நல்லாப் பேசற."

"நீங்க வேற!"

அடுத்த வெள்ளிக்கிழமை ஐயாவோடு அவருடைய மனைவி காளியம்மாவும் வந்தார். பதிவு முடிந்ததும் இருவரும் பாசாருக்குப் போய் மீன் வாங்குவதாக ஏற்பாடு. கடை முன்கூடத்தில் உட்கார்ந்து ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டம் விடாமல் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், பதிவு முடிந்ததும் இருட்டறைக்குள் தலையை நீட்டினார்.

"பசியாறிட்டியாம்மா? நீ எந்தத் தோட்டம்?"

"சுங்கை லாலாங்குங்க."

"சுங்கை லாலாங்கா!" காளியம்மா உள்ளேயே வந்துவிட்டார். "நானும் சுங்கை லாலாங்தான்லா. எந்த லயம்? அப்பா பேரு என்ன?"

"கோயிலுக்குப் பின்னால. அப்பா பேரு காளிதாசன்."

"காளிதாசன் சித்தப்பா மகளா நீ? அடியேய்! பால் வெட்டறதுல எங்கப்பாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து நிரை. ஒருத்தருக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தர் ரெண்டு நிரையும் வெட்டுவாரு. அண்ணன் தம்பின்னுதான் கூப்பிட்டுக்குவாங்க. நான் கல்யாணம் கட்டிப் போனப்ப நீ பொறக்கவே இல்ல." காளியம்மா அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். பிறகு நெற்றியைச் சுருக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப நீ எனக்குத் தங்கச்சி."

"ஆமாங்க்கா."

"அப்படின்னா இந்த மனுசன் உனக்கு யாரு?"

ஐயா அவசரமாக மேற்கூரையை ஆராயத் தொடங்கினார்.

"மச்சான்!" என்று திவாகர் மூலையிலிருந்து கத்தினான்.

"மச்சான்டி! மச்சானைப் பிடிச்சு 'ஐயா, ஐயா'ங்கற. நம்ம தோட்டத்துல கேட்டா சிரிப்பாங்க. எங்க தங்கச்சி ஒருத்தி இந்த மனுசனை வாய்க்கு வாய் கிண்டல் பண்ணல, மரியாதை குடுத்தாங்கிறது எனக்குத்தான் கேவலம்!"

சீதாலட்சுமி சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தச் சொல் அவளுக்குள் போய் எங்கோ ஒரு பூட்டைத் தட்டியது. தோட்டத்தில் முறை என்பது இரத்தத்தில் மட்டும் இருப்பதல்ல. யாரிடம் தலை குனிய வேண்டும், யார் தலையில் குட்டலாம் என்று அதுதான் வகுத்து வைத்திருக்கிறது. அப்பா முன்னால் வாய் திறக்காத பெண், அக்காள் புருஷன் வந்தால் செருப்பை ஒளித்துவைப்பாள், காப்பியில் உப்பைப் போடுவாள். ஊரே கூடி நின்று ரசிக்கும். மச்சானைச் சீண்டாத கொழுந்தியாளைத்தான் 'என்ன, வீட்டில் சண்டையா?' என்று விசாரிப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுங்கை லாலாங் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. லயங்களில் இப்போது குடும்பங்கள் குறைவு; எல்லாரும் பட்டணத்துத் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். திருவிழாவுக்கு மட்டும் காடிகள் செம்பனைக்கு நடுவே வரிசை கட்டி நிற்கும். அண்டா அண்டாவாக மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்திருந்தார்கள். முறைக்காரர்கள் முறைக்காரர்களைத் துரத்தினார்கள். தலை நரைத்த அத்தைகள் வாளியோடு மரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்கள்.

காளியம்மா புருஷனைக் கையோடு கூட்டி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. சீதாலட்சுமி வாளியோடு அவருக்கு எதிரில் போய் நின்றாள். நின்றாளே தவிர கை எழவில்லை. பினாங்குக் கல்லூரியே அவர் வடிவில் வந்து நிற்பதுபோல் இருந்தது.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கற? ஓடிடப் போறாரு!" என்று பின்னாலிருந்து காளியம்மா கத்தினார்.

ஐயா குடையை விரித்துக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார். "அம்மா, அவசரப்படாதீங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாத்தா, தண்ணியிலதான் எல்லாம் ஆரம்பம்னு சொன்ன அந்த மனுசரே வானத்தப் பாத்துக்கிட்டே போயி கெணத்துல..."

"அதெல்லாம் வெள்ளிக்கிழமை பேசிக்கலாம் மச்சான்!"

வாளி கவிழ்ந்தது. குடைக்கு மேலே அல்ல, பக்கவாட்டில். தும்பைப்பூத் தலை செவ்வந்திப்பூவானது. ஐயா மூக்கிலிருந்து சொட்டிய மஞ்சள் தண்ணீரைத் துடைத்தார், குடையை மடக்கிக் காளியம்மாவிடம் நீட்டினார், அண்டாவை நோக்கி நடந்தார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக அவர் திரும்பி வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சீதாலட்சுமி கோயிலைச் சுற்றி ஓடினாள். பாதி வழியில் பிடிபட்டாள். முழு வாளியும் தலையில் இறங்கியது. கூட்டம் கை தட்டியது. ஐயா அதற்கும் ஏற்புரை ஆற்றுவதுபோல் இரண்டு கையையும் கூப்பினார்.

சொட்டச் சொட்ட நின்று சோறு வாங்கிச் சாப்பிடும்போது அவள், "மச்சான், அந்தச் சிறைச்சாலை விஷயம்..." என்று தொடங்கினாள்.

ஐயா சோற்றுக் கையை உயர்த்தித் தடுத்தார். "இங்க சொல்லாதீங்க. மைக் முன்னால சொல்லுங்க. எனக்குத் தெரியாமலே வந்து விழட்டும்."

வெள்ளிக்கிழமை வந்தது. கடைசிப் பதிவு என்று பேசி வைத்திருந்த நாள். இருவர் காதோரத்திலும் மஞ்சள் இன்னும் போகவில்லை. திவாகர் கையைக் காட்டினான். சீதாலட்சுமி வரவேற்புரை சொல்லவில்லை.

"வணக்கம் நேயர்களே. மச்சான், சாக்ரடீஸ் சொன்னது தப்பு."

திவாகரின் கை பொத்தான் மேலேயே நின்றது. ஐயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எது தப்பு?"

"இருந்ததே சம்மதம்னு சொன்னது. எங்கப்பா தோட்டத்துலயேதான் இருந்தாரு. வெளிய போனா வீடு கெடையாது. அந்த இருப்பு சம்மதமா?"

"சாக்ரடீஸ் உங்கப்பா இல்லியே. அவருக்குப் போக வழி இருந்துச்சு. வேற ஊருல கூட்டாளிங்க இருந்தாங்க. எந்தக் கதவு தெறந்திருந்துச்சோ, அந்தக் கதவு வழியா போகாதவனைப் பத்தித்தான் அந்த வாதம்."

"அப்ப அது எல்லாருக்கும் பொதுவான வாதம் இல்ல. ஏதென்ஸ்ல இருந்த அடிமைங்களுக்கு? பொம்பளைங்களுக்கு? அவங்க கதவு தெறந்திருந்துச்சா மச்சான்?"

"அப்படிப் போடு!" ஐயா தொடையில் தட்டினார். அந்தச் சத்தமும் பதிவானது. "சரி, விட்டுக்குடுக்கறேன். இப்ப நான் கேக்கறேன். உங்கப்பா தாமானுக்கு வந்தாரா?"

"வந்தாரு. கடைசியா."

"அதுக்கப்புறம் தோட்டத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கலையா?"

சீதாலட்சுமி தயங்கினாள். "வாரா வாரம் போவாரு."

"கால்ல கட்டு இல்ல. கதவு தெறந்திருக்கு. அப்பவும் போனாரே, அதுக்கு என்ன பேரு?"

அவள் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஐயா உதவிக்கு வரவில்லை, சிரித்துக்கொண்டே காத்திருந்தார். மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. மாட்டிக்கொண்டது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் யாரும் எழுதவில்லை.

"பாசம்," என்றாள். "சம்மதம் இல்ல. எங்கம்மா சமைச்சத இன்னிக்கும் ரெண்டு தட்டு சாப்பிடுவேன். அதுக்காக அவங்க சொல்றதெல்லாம் சரின்னு ஆயிடுமா?"

"அப்ப சாக்ரடீஸும் பாசத்துலதான் இருந்தாரு, சம்மதம்னு வாயில சொன்னாருங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல மச்சான். நீங்கதான் சொல்றீங்க."

"நான் எப்ப சொன்னேன்? திவாகர், பின்னால ஓட்டுங்க, நான் எப்ப சொன்னேன்!"

பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஓதும் நேரம் வந்துவிட்டது. பதிவை முடிக்கும் நேரம். திவாகர் கையை ஆட்டிப் பார்த்தான், விளக்கை அணைத்துப் பார்த்தான், கடைசியில் கருவியையே நிறுத்தினான். இருவரும் கவனிக்கவில்லை. முன்கூடத்தைத் தாண்டிக் கடைவாசல் நடைபாதையான அஞ்சடிக்கு வந்தும் பேச்சு ஓயவில்லை. கடை திறக்க வந்த தவுக்கே, கணக்குத் தகராறு என்று நினைத்து ஒதுங்கி நின்றார்.

மீன் பாசாருக்குப் போகக் காளியம்மா காடியை முடுக்கிவிட்டுக் காத்திருந்தார். ஐயா முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். இன்னொரு கால் வெளியே நின்றது.

"ஏங்க, இன்னியோட நிறுத்தப் போறேன்னு சொன்னீங்களே, சொல்லிட்டீங்களா?"

"யார் நிறுத்தப் போறது?" என்று ஐயா மனைவியை முறைத்தார். "இவ என்ன கேட்டான்னு தெரியுமா உனக்கு? பதில் சொல்லாம நான் எங்க போறது?"

"நான் இன்னும் கேட்டு முடிக்கல மச்சான்," என்று சீதாலட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சட்டங்கள் தாய் தகப்பன் மாதிரின்னாரே, அதுவும் தப்பு."

"அதுவுமா?"

காளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்றைக்கு மீன் கிடைக்காது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சாவியைத் திருகி இயந்திரத்தை அணைத்தார்.